மூன்றாவது படத்துக்கு என்ன எழுதுவது

வெங்காயத்தோல் நிறம் என்று தட்டிவிட்டுக் குழலி விரலை எடுத்துக்கொண்டாள். எந்த வெங்காயம்? பெரிய வெங்காயம் என்றால் தோலில் கொஞ்சம் செம்பு ஓடும், சின்ன வெங்காயம் என்றால் ரோஸ் ஓடும், ஜவுளிக்கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள், அவளுக்குத்தான் மத்தியானத் தூக்கம் போச்சு. திரையில் ஒரு பெண் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, யாரையோ சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி நிற்கிறாள். படத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி, கண்ணால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதது. பார்வை இல்லாதவர்கள் அந்தக் கடையின் இணையதளத்துக்கு வந்தால் அவர்களுடைய போனோ கணினியோ அந்தப் பெட்டியில் எழுதியிருப்பதைத்தான் சத்தமாக வாசித்துக் காட்டும். அந்தப் பெட்டியை நிரப்புவதுதான் குழலியின் வேலை. ஆல்ட் டெக்ஸ்ட் என்கிறார்கள், மாற்று உரை என்கிறார்கள். அவளுடைய மாமியார் யாராவது கேட்டால் 'எங்க மருமக படத்துக்கு வசனம் எழுதுறா' என்று சொல்லிவிடுவாள், கேட்டவர்கள் சினிமா என்று நினைத்து உடனே நாற்காலியை எடுத்துப் போடுவார்கள். சின்ன வெங்காயத் தோலின் ரோஸ் நிறச் சேலை, நான்கு விரல் அகலத்துக்கு மஞ்சள் கரை, முந்தானையில் வரிசையாகக் கட்டங்கள். வாசித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று தோன்றும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி வருமே, மோர் குடித்த மாதிரி, அது வந்தது. மின்விசிறி டக் டக் என்று தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, கீழே இஸ்திரி வண்டிக்காரர் யாரிடமோ நாளைக்குத்தான் கிடைக்கும் என்று கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தார், உறையூரில் ஒரு சாதாரண மத்தியானம், மத்தியானச் சாம்பாரும் நன்றாக அமைந்திருந்தது. அடுத்த சேலைக்குப் போகலாம். போகலாம்தான். ஆனால் சேலைக்குப் பின்னால் இன்னொரு ஜன்னலில் அந்த மூன்று படங்களும் திறந்து கிடக்கின்றன, அவை அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட முடியாது.

மூன்று படத்திலும் ஒரே ஆள். கருணாகரன், புதுக்கோட்டையில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடை, முப்பத்தைந்து வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. தமயந்திக்கு வந்திருக்கும் வரன். தமயந்தி குழலியின் நாத்தனார், புகழேந்தியின் தங்கை, வங்கியில் வேலை பார்க்கிறாள், ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் படுத்து எழுந்தவளுக்குக் கண் மட்டும் எழுந்துவரவில்லை. காலையில் ஆபீஸுக்குப் போகிற வழியிலேயே படங்களை அனுப்பிவிட்டு ஒரு குரல் செய்தியும் போட்டிருந்தாள், பின்னால் பஸ் கண்டக்டர் விசில். "அண்ணி, கடைக்கு எழுதுற மாதிரியே எழுதி அனுப்புங்க. அம்மாகிட்ட கேட்டா ராஜா மாதிரி இருக்காருன்னு சொல்லும். அண்ணன் 'நல்லாத்தான் இருக்கான்'னு சொல்லிட்டு சோத்துல கைய வெச்சிடும். நீங்க கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். திரும்பி வர்றப்ப பஸ்ல கந்தசாமிய விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிறேன்." கந்தசாமி என்பது அவள் போனில் வாசித்துக் காட்டும் குரல், பெயர் வைத்தது அவள்தான், சாவுச் செய்தியும் கரண்ட் பில்லும் கந்தசாமிக்கு ஒன்றுதான், ஏற்ற இறக்கமே கிடையாது, அதனால்தான் அவனை நம்பலாம் என்பாள். விளக்கு வைத்ததும் புதுக்கோட்டைக்காரர்கள் போன் செய்வார்கள், பெண் பார்க்க வரலாமா என்று கேட்பார்கள். வரச் சொல்வதா வேண்டாமா. மற்ற வீடுகளில் அது ஒரு சம்பிரதாயம். தமயந்திக்கு அப்படி இல்லை. ஏற்கெனவே வந்தவர்கள் வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், அவள் முகத்துக்கு நேராக விரலை ஆட்டிப் பார்த்த ஒரு பெரியம்மாகூட உண்டு, போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். அதற்கப்புறம் அவள் சொல்லிவிட்டாள், "இனிமே வரச் சொன்னா நான் சரின்னு முடிவு பண்ணிட்டேன்னு அர்த்தம். பஜ்ஜிக்கு எல்லாம் நான் உக்கார மாட்டேன்." ஆக இந்த மூன்று பெட்டியில் குழலி எழுதுவதை வைத்துத்தான் அவள் முடிவு செய்யப்போகிறாள். மஞ்சள் கரைக்கு எழுதுவது எவ்வளவு சுகம், சேலை யார் வாழ்க்கையையும் கெடுப்பதில்லை.

இந்த வேலைக்கு அவள் வந்ததே தமயந்தியால்தான். ஒரு தீபாவளிக்கு முன்னால் தமயந்தி அந்தக் கடையின் இணையதளத்தில் சேலை வாங்கப் போயிருக்கிறாள், கந்தசாமி வரிசையாக வாசிக்கிறான்: படம், ஐ எம் ஜி நாலு நாலு பூஜ்யம் ரெண்டு, படம், ஐ எம் ஜி நாலு நாலு பூஜ்யம் மூணு. தமயந்தி கடைக்கே போனைப் போட்டாள். "உங்க கடையில பூஜ்யம் ரெண்டு நல்லா இருக்குமா, பூஜ்யம் மூணு நல்லா இருக்குமா? எது சாயம் போகாது?" முதலாளி முதலில் கோபப்பட்டு, அப்புறம் சிரித்து, அப்புறம் 'நீங்களே ஒரு ஆள் சொல்லுங்கம்மா' என்று இறங்கி வந்தார். சொன்ன ஆள் அண்ணி. அண்ணிக்கு அதுவரைக்கும் தெரிந்த எழுத்து மளிகைச் சீட்டும் மகனுடைய விடுப்பு விண்ணப்பமும்தான். தமயந்திதான் உட்கார்த்தி வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள், படம் என்று ஆரம்பிக்காதீங்க, படம்னு கந்தசாமியே முதல்ல சொல்லிடுவான். அழகானன்னு எழுதாதீங்க, அழகா இல்லையான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். தெரியறத எழுதுங்க, தோணறத எழுதாதீங்க. பதிலுக்குக் குழலி அவளிடம் நிறங்களைக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். ஆறு வயதுவரை பார்த்த நிறங்கள் தமயந்தியிடம் கொஞ்சம் மிச்சம் இருந்தன. சிவப்பு என்றால் போதாது, பஸ் சிவப்பா மிளகாய் சிவப்பா என்று கேட்பாள். பச்சையில் அவளுக்குத் தெரிந்தது கிளி மட்டும், அதுவும் கிளி ஜோசியக்காரர் வைத்திருந்த கிளி, கொஞ்சம் அழுக்கு. இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து கத்தரிக்காய்க்கும் நாவல் பழத்துக்கும் நடுவில் ஒரு நிறத்தைத் தேடிக் கண்டுபிடித்த சாயங்காலங்கள் உண்டு, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல். இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறாய், எழுது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

முதல் படம் ஸ்டூடியோவில் எடுத்தது, சுலபம். நீலத் திரைக்கு முன்னால் நிற்கும் ஆண், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லி, உயரம். முப்பது வயதுக்கு மேல் இருக்கும் என்பது தெரிவதா, தோன்றுவதா? வயதுதான் தெரியுமே, எடுத்துவிடலாம். ஒல்லியான உயரமான ஆண். வெள்ளைச் சட்டை, முழுக்கையைப் பொத்தான் போட்டு மூடியிருக்கிறார், கைகள் பின்னால். அடர்ந்த மீசை. முகம் மொழுமொழுவென்று ஒரே சீராக. சிரிக்கவில்லை, சிரிக்கச் சொன்னதற்கு முந்தின நொடி மாதிரி இருக்கிறார். 'மாதிரி இருக்கிறார்' வேண்டாம், தமயந்தி பிடித்துக்கொள்வாள். சிரிக்கவில்லை, அவ்வளவுதான். பெட்டியை மூடினாள். ஒரு தரம் இப்படிக் கோளாறாக எழுதி மாட்டிக்கொண்டது ஞாபகம் வந்து தனியாகவே சிரித்தாள். ஒரு நாள் போனில், ஒவ்வொரு சேலைக்கும் மனதை மயக்கும், கண்ணைக் கவரும் என்று போடச் சொல்லி முதலாளி உயிரை வாங்கிவிட்டார், கண்ணைக் கவருவதைக் கண் இல்லாதவர்களுக்கு எழுதச் சொல்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு 'எங்களைப் பற்றி' பக்கத்தில் முதலாளியின் படம் இருந்தது. எரிச்சலில் அந்தப் பெட்டியில் எழுதினாள்: வாயெல்லாம் பல்லாக ஒரு பெரிய மனிதர், தொப்பைக்கு இடம் விட்டு மேஜை தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. எழுதி, சிரித்து, அழிக்க வேண்டும் என்று நினைத்து, பால்காரர் கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டாள். அது அப்படியே இணையதளத்தில் ஏறிவிட்டது. கடையில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, எப்படிப் படும், பார்க்கிறவர்களுக்குத்தான் அந்தப் பெட்டியே கிடையாதே. மழைக்காலம் முழுக்கப் பார்வை இல்லாதவர்கள் மட்டும் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு ராத்திரி சாப்பிடும்போது தமயந்திக்குப் புரையேறி, ரசம் மூக்கால் வந்து, "அண்ணி, எங்க சங்கத்து வாட்ஸப் குரூப்புல உங்க முதலாளி தொப்பைதான் இப்ப பேமஸ்" என்றாள். அந்தச் சிரிப்பு. அந்த மாதிரிச் சிரிக்க இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது, புகழேந்தி சிரித்தால் இருமுகிற மாதிரி இருக்கும், மாமியார் டிவியைப் பார்த்து மட்டும் சிரிப்பாள்.

இரண்டாவது படம் காது குத்து வீடு. கருணாகரன் தாய்மாமனாக உட்கார்ந்திருக்கிறார், மடியில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை, வாயைப் பிளந்து அழுகிறது. ஆசாரி குனிந்திருக்கிறார், முதுகுதான் தெரிகிறது. கருணாகரன் குழந்தையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. குத்துவது குழந்தைக்கு, கண்ணை மூடிக்கொண்டது மாமன். இதை எழுதும்போது குழலிக்கு அந்த ஆளை முதல் தடவையாகப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனது பெட்டிக்குள் போகக்கூடாது, ஆனால் கண்ணை மூடியிருக்கிறார் என்பது தெரிவதுதானே, அதை எழுதலாம், அதை எழுதினால் தமயந்திக்கும் பிடித்துப்போகும், அப்படியானால் எழுதுவது நேர்மையா, ஆசை காட்டுவதா? மண்டையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு படத்தில் ஆயிரம் இருக்கிறது, பின்னால் பந்தல் துணி இருக்கிறது, யாருடைய செருப்போ இருக்கிறது, அதில் நான்கை எடுத்து மீதியை விடும்போதே பாதி அபிப்பிராயம் சொல்லியாகிவிட்டது. கூட்டவும் வேணாம் குறைக்கவும் வேணாமாம், சொல்ல நல்லாத்தான் இருக்கும் மகராசிக்கு. கண்களை மூடியிருக்கிறார் என்று எழுதினாள். இந்தப் படத்திலும் கை தெரியவில்லை, குழந்தையின் பட்டுத்துணியில் மறைந்திருக்கிறது, குனிந்திருப்பதால் வாயும் முகவாயும் குழந்தையின் தலைக்குப் பின்னால். அதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது படத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். இது ஸ்டூடியோ படம் இல்லை, கடைக்குள் யாரோ போனில் எடுத்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், முன்னால் பிரித்துப்போட்ட தண்ணீர் மோட்டார், வலது கையில் செம்புக் கம்பிச் சுருள், அந்தக் கையைப் படம் எடுக்கிறவர் பக்கம் நீட்டிப் பல் தெரியச் சிரிக்கிறார். படத்தின் நடுவில் இருப்பது அந்தக் கைதான். விரல் நுனிகள் ஐந்தும் வெள்ளை. மாவில் கையை விட்டு எடுத்த மாதிரி, ஆனால் மாவு இல்லை, பெரிதாக்கிப் பார்த்தாள், தோல்தான். கீழுதட்டின் ஓரத்திலிருந்து முகவாய்க்கு இறங்கும் ஒரு வெள்ளைத் திட்டு. வெண்புள்ளி. முதல் படத்தில் இல்லை. முதல் படத்தில் முகம் ஏன் அவ்வளவு மொழுமொழுவென்று இருந்தது என்பது இப்போது புரிந்தது, ஸ்டூடியோக்காரர்கள் கல்யாணப் படம் என்றால் கேட்காமலே பூசி மெழுகிவிடுவார்கள், குழலியின் கல்யாண ஆல்பத்தில் அவளுக்கே அவளை அடையாளம் தெரியாது. பூசியது ஸ்டூடியோவா, வீட்டில் சொல்லிச் செய்ததா? கையைப் பின்னால் கட்டச் சொன்னது யார்? தரகர் சொன்ன ஒரு வார்த்தை காதில் வந்து உட்கார்ந்துகொண்டது, "அவங்க, பொண்ணுக்குப் பார்வை இல்லைங்கறத ஒரு குறையாவே நெனைக்கலம்மா, அப்படிப்பட்ட தங்கமான மனுஷங்க." ஏன் நினைக்கவில்லை? பார்வை இல்லாதது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டதா? பார்க்காத பெண்ணென்றால் பார்க்க மாட்டாளே, வாழ்நாள் முழுக்க உதட்டை ஒளிக்க வேண்டியதில்லையே என்று கணக்குப் போட்டுத்தான் வந்தார்களா? ஊரே தெரிந்து வைத்திருக்கும், கறிகாய் விற்கிறவளுக்குத் தெரிந்திருக்கும், கட்டிக்கொண்டவளுக்கு மட்டும் தெரியாது. எந்தக் கல்யாண வீட்டிலாவது எவளாவது 'பாவம், அவளுக்குத் தெரியாது போல' என்று கிசுகிசுப்பாள், தமயந்தியின் காது பாம்புக் காது, அவளுக்குக் கேட்டுவிடும். அந்த மனிதர் என்னவோ படத்தில் சிரித்துக்கொண்டேதான் இருந்தார், ஒளிக்கிற சிரிப்பாகத் தெரியவில்லை, ஆனால் அதுவும் தெரிவது இல்லை, தோன்றுவது.

வாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் என்று தட்டினாள். வாசித்தாள். வாயைச் சுற்றி இல்லையே, ஒரு ஓரத்தில்தானே. திட்டுகள் இல்லை, ஒரு திட்டு. ஏன் இப்படி எழுதினேன்? கை நின்றுவிட்டது. ஏன் என்று தெரியாமல் இல்லை. இந்த வரி இப்படியே போனால் தமயந்தி வேண்டாம் என்பாள், வேண்டாம் என்றால் நாளைக்கும் அவள் இதே வீட்டில் இருப்பாள், ராத்திரி இதே மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து கந்தசாமியைத் திட்டுவாள், ரசம் மூக்கில் ஏறச் சிரிப்பாள். குழலி கல்யாணமாகி வந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. வந்த புதிதில் யாரோடும் பேச்சு வராமல் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தவளின் வளையல் சத்தத்தை வைத்துத் தேடி வந்து, "புது அண்ணியா? கைய நீட்டுங்க, எவ்ளோ பெரிய ஆள்னு பாக்கறேன்" என்று கேட்ட பெண். இப்போது மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில், புகழேந்தி லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர். தமயந்தியும் போய்விட்டால் இந்த வீட்டில் குழலி யாரோடு பேசுவாள், மஞ்சளைப் பற்றி யாரிடம் சண்டை போடுவாள்? சீ, என்ன புத்தி இது. முப்பது வயதில் ஒருத்தி தனக்கென்று ஒரு வாழ்க்கைக்கு ஆசைப்படுகிறாள், ஆசைப்படுகிறாள் என்று குழலிக்குத் தெரியும், அந்த ஆளோடு போனில் பேசிவிட்டு வைத்த அன்று "குரல் நல்லா இருக்கு அண்ணி, அவசரப்படல, நான் சொல்லி முடிக்கற வரைக்கும் இருந்தாரு" என்று சொல்லிவிட்டு இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு உள்ளே போனாளே. வெள்ளை வெள்ளையாக என்பதை அழித்தாள். மொத்த வரியையும் அழித்தாள். பெட்டி காலியானது. காலியாகவே விட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது, வெறும் அலங்காரத்துக்கு வைத்திருக்கும் பூ, கோடு இவற்றுக்கெல்லாம் காலியாக விடுவதுதான் முறை, கந்தசாமி வாயைத் திறக்காமல் தாண்டிப் போய்விடுவான். கருணாகரனின் உதடு அலங்காரமா? இரண்டு படத்துக்கு எழுதியாயிற்று, மூன்றாவது திறக்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் யாருக்குத் தெரியும்?

"இன்னுமா எழுதற? டீ போடலையா?" மாமியார் எழுந்து வந்துவிட்டாள், கொண்டையைச் சுற்றிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடி நின்றாள். "இது என்னடி உதட்டுல?" குழலி சொன்னாள். "வெண்குஷ்டமா!" என்று மாமியார் நெஞ்சில் கை வைத்தாள். "குஷ்டம் இல்ல அத்தை. ஒட்டாது, வலிக்காது, ஒண்ணும் பண்ணாது. நிறம் மட்டும் போயிருக்கும்." மாமியார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அப்ப இத எதுக்கு எழுதற? ஒண்ணும் பண்ணாதுன்னு நீதானே சொல்ற. கண்ணு தெரியாத புள்ளைக்கு இதச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவ பாக்கவா போறா?" குரலில் அதட்டல் இருந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது. "நானும் எத்தனை நாளைக்கு இருப்பேன் குழலி. இதையும் விட்டா இன்னொருத்தன் வருவானா?" அத்தை சொன்னதில் தப்பு என்று எதைப் பிடிப்பது? ஒன்றும் பண்ணாதுதான். தமயந்தி பார்க்கப்போவதில்லைதான். எல்லாம் சரியாக இருந்தும் மொத்தம் தப்பாக இருந்தது. "அத்தை, நான் எழுதறதுதான் அவ பாக்கறது" என்றாள் குழலி. அவ்வளவுதான் வந்தது. மாமியார் எழுந்துபோய் டீயைத் தானே போட்டாள், டம்ளரைக் கொண்டுவந்து ஒரு தட்டுத் தட்டி வைத்தாள், இஞ்சி தூக்கலாக, ருசியாகத்தான் இருந்தது. குழலி ஒரு வாய் குடித்துவிட்டு எழுதினாள். கடையில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் பிரித்த மோட்டார், வலது கையில் செம்புக் கம்பிச் சுருளை முன்னால் நீட்டிக் காட்டுகிறார். பல் தெரியச் சிரிப்பு. அந்தக் கையின் ஐந்து விரல் நுனிகளிலும், கீழுதட்டின் இடது ஓரத்திலிருந்து முகவாய் வரையிலும் தோல் நிறமில்லாமல் வெளுத்திருக்கிறது, வெண்புள்ளி. முதல் படத்தில் முகத்தில் இது தெரியவில்லை. மறுபடி வாசித்தாள். கூட்டவில்லை. குறைக்கவில்லை. மூன்றையும் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள், உள்ளே எங்கேயோ ஒரு நிம்மதி, நல்லதோ கெட்டதோ கண்ணைக் கொடுத்தாயிற்று என்று.

அப்புறம் எழுதிய சேலை ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. மாமியார் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது போன் அடித்தது. பஸ் இரைச்சல். "அண்ணி, கேட்டேன். மூணாவத ரெண்டு தடவ கேட்டேன்." "ம்." "விரல்லயும் இருக்கா?" "இருக்கு தமா." "தொட்டா தெரியுமா?" குழலி இதை நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை, மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு இந்தக் கேள்வி மட்டும் வரவில்லை. "தெரியாது. தோல் தோலாத்தான் இருக்கும். நிறம் மட்டுந்தான்." யாரோ டிக்கெட் கேட்டார்கள், சில்லறை குலுங்கியது. "அண்ணி, அவங்க வீட்டுலேந்து வந்தது ரெண்டு படந்தான். மூணாவது அவரு அனுப்பினது. காலையில என் நம்பருக்கு, ஒரு வார்த்தை கூட இல்லாம வந்துச்சு. எனக்குக் கோவம். குரல்ல நாலு வார்த்த பேசத் தெரிஞ்ச மனுஷன் கண்ணு தெரியாதவளுக்கு வெறும் படத்த அனுப்புவாரான்னு. இப்பதான் புரியுது. வாயால சொல்ல வரல போல. என் வீட்டுல யாராவது பாத்துச் சொல்லட்டும்னு அனுப்பியிருக்காரு." மத்தியானம் முழுக்க அவள் பயந்த அத்தனை பயமும், கணக்குப் போட்ட மனிதர்களும், கிசுகிசுக்கிற கல்யாண வீடும், எல்லாம் ஒரு மூச்சில் கரைந்துபோனது. அந்தக் கையை அவர் நீட்டியது படம் எடுத்தவனுக்காக இல்லை. "யாராவது சொல்லுவாங்கன்னு நம்பியிருக்காரு பாருங்க" என்று தமயந்தி சொன்னாள். "வெளக்கு வெச்சதும் போன் வந்தா வரச் சொல்லிடுங்க. அம்மாகிட்ட பஜ்ஜிக்கு மாவு கரைக்கச் சொல்லுங்க, நான் உக்கார்றேன்." குழலி போனைக் காதிலிருந்து எடுக்காமலே மாமியாரைப் பார்த்துத் தலையாட்டினாள். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு படம் இருக்கு அண்ணி. இன்னும் எடுக்கல" என்றாள் தமயந்தி. "நானும் அவரும் பக்கத்துல பக்கத்துல நிக்கற படம். அது எப்படி இருக்கும்? நான் எறங்கறதுக்குள்ள எழுதி அனுப்புங்க." தெரிவதைத்தான் எழுதலாம் என்று சட்டம் போட்டவளே கேட்கிறாள். போனையும் வைத்துவிட்டாள். இல்லாத படத்துக்குப் பெட்டி ஏது, குழலி வெறும் செய்தியாகவே தட்ட ஆரம்பித்தாள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நிற்கிறார்கள். அவள் அவருடைய தோளுக்கு வருகிறாள். அவர் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்து விட்டிருக்கிறார். அவள் புருவத்துக்கு மேல் இருக்கும் சின்ன மடிப்பு, கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் ஒரே மாதிரி விழுமே, அது விழுந்திருக்கிறது. இருவரும் சிரிக்கிறார்கள். எழுதிவிட்டு அவளுடைய வலது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். இந்த வீட்டில் எடுத்த அத்தனை படத்திலும் தமயந்தியின் வலது கை குழலியின் முன்னங்கைமேல் இருக்கும், தனியாக எடுத்த படம் என்றால்கூட ஓரத்தில் குழலியின் முழங்கையும் இரண்டு வளையலும் வெட்டுப்பட்டுத் தெரியும், கொஞ்சம் வலது பக்கம் திரும்பு தமா, முகத்தைத் தூக்கு, அவ்வளவுதான் என்று சொல்வதற்கு ஆள் வேண்டுமே. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே ஒரு சந்தோஷமும், இரண்டில் எது பெரியது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதினாள். அவளுடைய வலது கை அவர் கையைப் பிடித்திருக்கிறது. பஸ் இந்நேரம் கோர்ட்டைத் தாண்டியிருக்கும். அனுப்புவதற்கு விரலைக் கொண்டுபோனவள் நிறுத்தி, இன்னும் ஒரு வரி சேர்த்தாள். படத்தில் வேறு யாரும் இல்லை.